இகுவானாவுக்கு எந்தக் கீரை? கட்டுக் கீரையா, மரத்து இலையா?

எங்கள் பச்சை இகுவானா மரகதம், ஓணான் போன்ற பெரிய பல்லி வகை, வீட்டுக்கு வந்தபோது ஒரு சாண் உடம்பும் இரண்டு சாண் வாலுமாக இருந்தாள். "பாலக், லெட்டூஸ், முட்டைக்கோஸ், எதுவானாலும் பச்சையாக இருந்தால் போதும்" என்று கடையில் சொல்லி அனுப்பினார்கள். நானும் நம்பினேன். கீரை என்றாலே சத்து என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஐந்து மாதம் பாலக்கும் லெட்டூஸும்தான் அவளுக்குச் சாப்பாடு. ஒரு நாள் காலையில் கிளையில் ஏறும்போது அவளுடைய பின்னங்கால் விரல்கள் தானாகத் துடிப்பதைப் பார்த்தேன். தாடையைத் தொட்டால் எலும்பு போலவே இல்லை, வளைந்து கொடுத்தது. கால்நடை மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எலும்புக்குக் கால்சியம் போதவில்லை என்று சொல்லி, இரண்டே கேள்விகள் கேட்டார். என்ன விளக்கு போடுகிறீர்கள்? என்ன கீரை கொடுக்கிறீர்கள்?

அன்றைக்கே புற ஊதா பி கதிர் தரும் விளக்காக மாற்றிவிட்டேன். கீரையைச் சரி செய்யத்தான் மாதக்கணக்கில் ஆயிற்று, ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் பாதி இலைகள் நம் ஊர்ச் சந்தையில் கிடையாது. காலர்ட், டேன்டலியன், எண்டைவ் என்று எழுதியிருக்கும். சென்னையில் கீரை விற்கும் அம்மாவிடம் அதைக் கேட்க முடியுமா? அவரிடம் இருப்பது அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பாலக், பொன்னாங்கண்ணி, முருங்கை, அகத்தி, வெந்தயக் கீரை, கொத்தமல்லி, புதினா. இவற்றில் எது, எவ்வளவு என்பதுதான் நமக்கு வேண்டிய பதில். மரகதத்துக்கு இப்போது ஏழு வயது, வாலோடு சேர்த்து நாலரை அடி. இதுவரை நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் இது என்ன பிராணி என்பதைப் பார்த்துவிடலாம். பச்சை இகுவானா, தமிழில் பேரோந்தி என்றும் எழுதுகிறார்கள், மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடக்குப் பகுதியிலும் கரீபியன் தீவுகளிலும் ஆற்றோர மரங்களில் வாழ்வது. குஞ்சிலிருந்தே இலைதான் உணவு. அதன் பெருங்குடலில் தடுப்புகள் போன்ற அறைகள் உண்டு. இலை அங்கே தங்கி, நுண்ணுயிர்களால் புளித்து, நார்ச்சத்து உடைந்து செரிக்கிறது. குஞ்சுகள் பெரிய இகுவானாக்களின் எச்சத்தைத் தின்று அந்த நுண்ணுயிர்களைப் பெறுகின்றன என்பதை 1980-களின் தொடக்கத்தில் பனாமாவில் நடந்த ஆய்வு காட்டியது. ஆக, முட்டை, கோழிக்கறி, புழு, நாய்த் தீவனம் எதுவும் இதற்கு வேண்டாம். மிருகப் புரதம் தொடர்ந்து போனால் சிறுநீரகம் கெடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம் இகுவானா. 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2024-இல் அதற்கான விதிகளும் வந்துவிட்டன. வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்யாதவர்கள் தள்ளிப் போடாதீர்கள்.

சரி, கீரைக்கு வருவோம். கீரையைத் தேர்ந்தெடுக்க எல்லோரும் சொல்லும் முதல் அளவுகோல் கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம். கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்ற அளவிலோ அதற்கு மேலோ இருந்தால் நல்லது. இந்த ஒன்றை மட்டும் பார்த்தால் பாலக் நல்ல கீரைதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் பாலக்கில் ஏறத்தாழ 73 மில்லிகிராம் கால்சியம், 21 மில்லிகிராம் பாஸ்பரஸ். மூன்றரைக்கு ஒன்று! நான் ஏமாந்ததும் இங்கேதான்.

அட்டவணையின் இன்னொரு மூலையில் ஆக்சாலிக் அமிலம் என்று ஒரு வரிசை இருக்கும். அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத உப்பாக மாறிவிடும். அந்தக் கால்சியம் உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். ஏறத்தாழ இரண்டேகால் மில்லிகிராம் ஆக்சாலிக் அமிலம் ஒரு மில்லிகிராம் கால்சியத்தைக் கட்டிப்போடும். பாலக்கில் அந்த அமிலம் 100 கிராமுக்கு 650 மில்லிகிராமுக்கு மேல். அதாவது 290 மில்லிகிராம் கால்சியத்தைக் கட்டும் அளவு. ஆனால் அதில் இருப்பதோ 73. தன்னிடம் உள்ளதை முழுக்கக் கட்டிய பிறகும் மிச்ச அமிலம், பக்கத்தில் இருக்கும் வேறு இலையின் கால்சியத்தையும் நாம் தூவும் கால்சியம் பொடியையும் பிடிக்கப் போகிறது. இது காகிதக் கணக்கு. வயிற்றுக்குள் இவ்வளவு துல்லியமாக நடக்காது, அளக்கும் முறைக்கு ஏற்ப எண்களும் மாறும். ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெளிவு.

இதே கணக்கை முருங்கைக்குப் போட்டுப் பாருங்கள். கால்சியம் சுமார் 440, பாஸ்பரஸ் 70, ஆக்சாலிக் அமிலம் 100 அளவில். கட்டுப்படுவது 45 போல. மீதி எல்லாம் மிச்சம். தண்டுக்கீரை வகையில் கால்சியம் 397 என்று பார்க்க அழகாக இருக்கும். அமிலமோ 770-ஐத் தொடுகிறது. கட்டுப்படுவது 340-க்கும் மேல், மிச்சம் ஐம்பது சொச்சம்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. கீரைக் கூடையில் கட்டுக் கட்டாக இருப்பதில் பாதிக்கு மேல் ஒரே குடும்பம். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் சொந்த அண்ணன் தம்பிகள். பாலக்கும் பொன்னாங்கண்ணியும் அதே தாவரக் குடும்பம்தான். பீட்ரூட் இலையும் அப்படியே. பருப்புக்கீரையும் கொடிப்பசலையும் ஒன்றுவிட்ட உறவு. இந்த உறவுக்காரர்கள் எல்லோரிடமும் ஆக்சாலிக் அமிலம் தாராளம். "தினமும் மாற்றி மாற்றித்தானே கொடுக்கிறேன், திங்கள் அரைக்கீரை, செவ்வாய் சிறுகீரை, புதன் பாலக்" என்று சொல்பவர்கள் பெயரை மட்டும்தான் மாற்றுகிறார்கள். பிராணிக்குப் போவது ஒன்றேதான்.

நாம் இவற்றைச் சாப்பிட்டு நன்றாகத்தானே இருக்கிறோம் என்று கேட்கலாம். நாம் வேக வைக்கிறோம், அதில் கொஞ்சம் அமிலம் தண்ணீரோடு போகும். சோறு, பருப்பு, தயிர் என்று பத்துப் பொருளோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம். இகுவானாவுக்கு இலைதான் சோறு, இலைதான் குழம்பு, பொரியல் எல்லாம். மனிதருக்கு நல்லது என்பதும் அதற்கு நல்லது என்பதும் வேறு வேறு.

இதற்கு எதிர்ப்பக்கம் மரத்து இலைகள் இருக்கின்றன. மரத்தில் வாழும் பிராணிக்கு மரத்து இலை என்பது யோசித்தால் இயல்பாகத்தான் படுகிறது. என் அனுபவத்தில் மூன்றுதான் அடித்தளம்: முருங்கை, செம்பருத்தி, மல்பெரி.

முருங்கையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஈர்க்கு நீக்கி ஆய்ந்து கொடுத்தால் குட்டிகூட வேகமாகச் சாப்பிடும். குறை ஒன்றுதான்: இலை மெல்லியது, பறித்த சில மணி நேரத்தில் வாடிக் காய்ந்துவிடும். கழுவி, ஈரத்தோடே வைப்பேன். இகுவானா பாத்திரத்திலிருந்து தண்ணீர் குடிப்பதைவிட இலையிலிருந்து எடுத்துக்கொள்வதுதான் அதிகம். கோடையில் அந்த ஈரம் முக்கியம்.

செம்பருத்திதான் மரகதத்துக்கு உயிர். இலை கொழகொழப்பாக, நிறைய நீரோடு இருக்கும். பூவைக் கண்டால் போதும், தட்டில் வேறு என்ன இருந்தாலும் முதலில் அதைத்தான் எடுப்பாள். சாப்பிட மறுக்கும் இகுவானாவுக்கு ஒரு சிவப்புச் செம்பருத்திப் பூவை மேலே வைத்துப் பாருங்கள். மொட்டை மாடித் தொட்டியிலேயே நன்றாக வரும். நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கிய செடியை மட்டும் உடனே பறித்துக் கொடுத்துவிடாதீர்கள். மாவுப்பூச்சிக்கு மருந்து அடித்துத்தான் விற்பனைக்கு வைத்திருப்பார்கள், சில மருந்துகள் செடிக்குள்ளேயே ஓடும். நான் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் விட்டு, புதிதாக விட்ட துளிர்களிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

மல்பெரி, அதாவது முசுக்கொட்டை, கிடைத்தால் விடாதீர்கள். நார்ச்சத்து, கால்சியம், புரதம் மூன்றும் இலையிலேயே உண்டு. கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பட்டுப்புழு வளர்ப்பவர்களின் தோட்டம் பக்கத்திலேயே இருக்கும். மருந்து பட்ட இலையைத் தின்றால் புழுவே செத்துப்போகும் என்பதால் அவர்கள் மருந்து விஷயத்தில் கவனமாக இருப்பார்கள். ஆனாலும் கடைசியாக எப்போது அடித்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நான் வாங்குவேன். சென்னையில் எனக்கு அந்த வசதி இல்லை, அதனால் ஒரு குச்சியை வாங்கிவந்து பெரிய தொட்டியில் நட்டேன்.

அகத்தியை ஏன் இந்த மூன்றோடு சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். கால்சியத்தில் அதுதான் முதலிடம். பழைய அட்டவணையில் 100 கிராமுக்கு 1,100 மில்லிகிராமுக்கு மேல், பாஸ்பரஸ் 80 அளவில்தான். காகிதத்தில் முருங்கையை எளிதில் தோற்கடிக்கும். அமாவாசைக்கு மாட்டுக்கு அகத்திக் கீரை கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு பிராணிக்கு இதைவிட நல்லது என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் மாடு அசை போடும் விலங்கு. அதன் வயிறு பல பொருள்களை முன்கூட்டியே உடைத்துவிடும். கோழிக்கு இந்த இலை ஆகாது என்பது தீவனம் பற்றி எழுதுபவர்கள் தரும் எச்சரிக்கை. கோழிக்கு ஆகாதது இகுவானாவுக்கும் ஆகாது என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் முருங்கை கையில் இருக்கும்போது தினமும் அகத்தி கொடுத்துச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வாரத்துக்கு ஒரு முறை, ஒரு கைப்பிடியில் கால் பங்கு, மற்ற இலைகளோடு கலந்து. அவ்வளவுதான்.

கட்டுக் கீரையில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. வெந்தயக் கீரை. கால்சியம் 400-க்குச் சற்றுக் குறைவு, பாஸ்பரஸ் 50, ஆக்சாலிக் அமிலம் மிகக் குறைவு. அமில விஷயத்தில் முருங்கையைவிட இதுவே தேவலை. வாசனை சில இகுவானாக்களுக்குப் பிடிக்காது, பொடியாக நறுக்கிக் கலந்தால் சாப்பிட்டுவிடும். முள்ளங்கியை இலையோடு வாங்கினால் அந்த இலையைத் தூக்கிப் போடாதீர்கள். கடுகுக் குடும்பம், கால்சியம் நன்றாக இருக்கும், மேல்நாட்டுப் பட்டியல்களில் வரும் டர்னிப் கீரைக்கு நம் ஊரில் கிட்டத்தட்ட இணையான இலை அதுதான். காலிஃப்ளவரைச் சுற்றி இருக்கும் இலையும் அப்படியே. இந்தக் குடும்பத்தில் தைராய்டு சுரப்பிக்கு வேண்டிய அயோடினைத் தடுக்கும் பொருள்கள் உண்டு என்பதால் அதையே தினமும் கொடுக்கக் கூடாது. வாரம் இரண்டு நாள், மற்றவற்றோடு சேர்த்து என்றால் பயமில்லை. முட்டைக்கோஸில் அந்தக் குறை உண்டு, கால்சியமும் குறைவு. அதனால் அது வேண்டாம். லெட்டூஸ் தண்ணீர்தான். நஞ்சில்லை, ஆனால் வயிற்றை நிரப்பிவிட்டு ஒன்றும் தராது.

வாசனை இலைகளுக்கு வருவோம். இகுவானா எதையும் முதலில் நாக்கால் தொட்டு, வாசனை பிடித்துத்தான் சாப்பிடும். அதனால் கொத்தமல்லி ஒரு நல்ல துணை: ஆக்சாலிக் அமிலம் இல்லை என்றே சொல்லலாம், கால்சியம் 180 அளவு, பாஸ்பரஸ் 70. அடித்தள இலையாக வைக்கும் அளவுக்குச் சத்து இல்லை, ஆனால் புதிய இலை ஒன்றைப் பழக்கும்போது கொத்தமல்லியோடு பிசறிக் கொடுத்தால் வேலை சுலபம். புதினாவிலும் துளசியிலும் எண்ணெய்ச் சத்து அதிகம். வாரத்துக்கு நாலைந்து இலை போதும். கற்பூரவல்லியை நான் கொடுப்பதே இல்லை, அவ்வளவு காரமான எண்ணெய் குடலில் உள்ள நுண்ணுயிர்களுக்கு எதற்கு?

கறிவேப்பிலையில்தான் எனக்கு வெகுநாள் சபலம் இருந்தது. கால்சியம் 830, பாஸ்பரஸ் 57. ஆனால் விற்பனைக்கு வரும் கறிவேப்பிலைக்கு மருந்து அடிப்பது அதிகம். இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிமருந்து எச்சத்துக்காகத் தனிச் சோதனையே வைத்தது. இரண்டு கிலோ எடையுள்ள பிராணிக்குக் கழுவியும் போகாத மருந்து என்ன செய்யும் என்று யோசித்தேன். வீட்டுச் செடி இருந்தால் துளிராகப் பத்து இலை கொடுங்கள். கடைக் கறிவேப்பிலையைச் சமையலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, தட்டில் வரவே கூடாதவை. மணத்தக்காளிக் கீரை நமக்கு வயிற்றுப்புண்ணுக்கு மருந்து. ஆனால் நாம் அதை வேக வைத்துத்தான் சாப்பிடுகிறோம். தக்காளி, கத்திரி, உருளை இலைகளில் உள்ள நச்சுப் பொருளின் குடும்பம்தான் இதுவும், பச்சையாக வேண்டாம். வெங்காயத்தாள், பூண்டுத்தாள் வேண்டாம். மரவள்ளி இலையில் சயனைடு வரும். சேப்பங்கிழங்கு இலை, மணி பிளாண்ட், டைஃபன்பாக்கியா மூன்றிலும் ஊசி போன்ற படிகங்கள் இருக்கும், வாயும் தொண்டையும் வீங்கிவிடும். கூண்டுக்குள் அழகுக்கு மணி பிளாண்ட் வைப்பதைப் பலர் வீட்டில் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அவகாடோ இலை, அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, குரோட்டன்ஸ் பக்கம் போகவே கூடாது. வீட்டுக்குள் திரிய விடுபவர்கள் பால்கனித் தொட்டிகளை ஒரு முறை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் மரத்து இலையை மட்டும் நம்பி வண்டி ஓட்ட முடியாது. ஒரு டிசம்பர் புயலில் எங்கள் முருங்கை பாதியில் முறிந்தது. முருங்கையின் கட்டை எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் அதே மரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும், அந்த இலையைத் தொடவே முடியாது. அக்கம்பக்கத்தில் மருந்து வேறு அடிப்பார்கள். தெருவோர மரத்து இலையில் புகையும் தூசியும். அந்த மாதிரி நாள்களில் சந்தைதான் துணை. சந்தையில் முருங்கை இல்லாத நாளில் வெந்தயக் கீரையும் முள்ளங்கி இலையும் கொத்தமல்லியும் வாங்குவேன். ஒன்றுமே கிடைக்காமல் அரைக்கீரை மட்டும் இருந்தால் அன்று ஒரு நாள் அதையே கொஞ்சம் கொடுப்பேன். ஒரு நாளில் எலும்பு கெடாது. மாதக்கணக்கில் அதே பழக்கமாவதுதான் ஆபத்து.

கட்டை அவிழ்த்து, மண் போகும்வரை ஓடும் தண்ணீரில் அலசி, கால் மணி நேரம் ஊற வைத்து மறுபடி அலசுவேன். ஈரத்தை உதறி, பருத்தித் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். நேராகக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்காமல் சற்று நேரம் வெளியே வைத்துவிட வேண்டும். வயிறு சூடாக இருந்தால்தான் அந்த நுண்ணுயிர்கள் வேலை செய்யும். அதனால்தான் காலையில் வெப்ப விளக்கின் கீழ் அவள் ஒரு மணி நேரம் காய்ந்த பிறகு தட்டை வைக்கிறேன். அவள் காயும் இடம் 35-லிருந்து 38 டிகிரி செல்சியஸ் வரை.

எந்தக் கீரையைத் தேர்ந்தெடுத்தாலும் புற ஊதா பி கதிர் இல்லாவிட்டால் கால்சியம் உடம்பில் சேராது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் வராது. மாடியில் காலை வெயில் கிடைத்தால் நல்லது, கம்பிக் கூண்டில், ஒரு பக்கம் நிழலோடு. கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைத்தால் சென்னை வெயிலில் பத்து நிமிடத்தில் பிராணி வெந்துவிடும்.

தட்டின் ஓரத்தில், கண்ணாடியில், வெள்ளையாக உப்பு தெறித்திருப்பதைப் பார்த்துச் சளி பிடித்துவிட்டதோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இலையில் பொட்டாசியம் அதிகம். மிஞ்சிய உப்பை இகுவானா மூக்கில் உள்ள சுரப்பி வழியாகத் தும்மி வெளியேற்றும். அது நோய் இல்லை.

இப்போது மரகதத்தின் தட்டு இப்படி இருக்கிறது. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக முருங்கை, அதே அளவு செம்பருத்தி இலையும் மல்பெரியும், மிச்சத்தில் அன்றைக்குக் கிடைத்த வெந்தயமோ கொத்தமல்லியோ முள்ளங்கி இலையோ. மேலே துருவிய பரங்கிக்காய் ஒரு கரண்டி. பூ இருந்தால் பூ. வாரம் இரண்டு முறை கால்சியம் பொடி தூவுகிறேன். வளரும் குட்டிக்கு இன்னும் அடிக்கடி வேண்டும், எத்தனை முறை என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பாலக்கை நிறுத்திய எட்டாவது மாதம் தாடை கெட்டியானது. வளைந்த பின்னங்கால் ஒன்று மட்டும் அப்படியே நின்றுவிட்டது, அந்தப் பக்கம் ஏறும்போது இன்றும் ஒரு நொடி தயங்குவாள்.

புதிதாக வளர்க்க நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, பிராணியை வாங்குவதற்கு ஆறு மாதம் முன்பே செடியை வையுங்கள் என்பதுதான். ஒரு முருங்கைப் போத்து, இரண்டு செம்பருத்தி, ஒரு மல்பெரிக் குச்சி. ஐப்பசி மழை தொடங்கும்போது நட்டால் சித்திரைக்குள் பறிக்கத் தொடங்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்று பெரிய தொட்டிகள் போதும், முருங்கையை மட்டும் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம்.